ஆடாக விரும்பிய மரியாள்

யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் இருக்கும் ஹேதர்பி பள்ளியில் டிசம்பர் தோறும் இயேசு பிறப்பு நாடகம் நடக்கும். லொரெட்டா அங்கே படித்த காலத்தில், வருஷம் தவறாமல் அவள்தான் குழந்தை இயேசுவைக் காண வரும் தூரதேசத்துக் கறுப்பு ராஜா. அப்பா கிளைட் கிரெனடாத் தீவுக்காரர், அம்மா உள்ளூர் வெள்ளைக்காரி. "உனக்குக் கரி பூச வேண்டியதில்லை, வேலை மிச்சம்" என்று ஆசிரியை மனதாரப் பாராட்டுவார். தாடிதான் அரித்துத் தொலைக்கும்.

இப்போது காலம் திருந்திவிட்டது. பள்ளியில் 'அனைவரையும் அரவணைக்கும் அலுவலர்' என்றே ஒரு பதவி. அதை அலங்கரித்த திருமதி ஹெபிள்வைட், லொரெட்டாவையும் மகள் எல்ஸியையும் வரவழைத்து, இவ்வாண்டு மரியாள் வேடம் கலப்புக் குடும்பத்துக் குழந்தைக்கே என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்திருப்பதை அறிவித்தார்.

ஏழு வயது எல்ஸிக்கோ தொழுவத்து ஆடாக நடிக்க வேண்டும். தோழி மேபலுக்கும் ஆடு வேடம்தான். ஆடுகள் மேடையிலேயே பிஸ்கட் தின்னலாம். குழந்தை அங்கேயே விசும்ப ஆரம்பித்ததும் லொரெட்டாவுக்கு மனசே கேட்கவில்லை.

அலுவலர் எல்ஸியை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு வெளுப்பா இருக்காளே?"

"இவ அப்பா வெள்ளைக்காரர், மேடம். விடுங்க, ஆடாவே இருந்துட்டுப் போகட்டும்."

"அதெப்படி? உங்கப்பாவை முன்வரிசையில உட்கார வைப்போம். மரியாள் பேசறப்பல்லாம் அவர் மேல விளக்கடிப்போம். ஜனங்க புரிஞ்சுக்குவாங்க."

வீட்டில் இதைக் கேட்ட கிளைட் யோசித்துவிட்டுச் சொன்னார்: "விளக்கடிச்சா எப்படிம்மா தூங்கறது?"

மரியாள் வேடம் கலப்புக் குடும்பத்துக்கே என்ற செய்தி ஊருக்குள் பரவியது. ஏழு தலைமுறையாக அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டாத குடும்பங்களெல்லாம் எச்சிலைக் குப்பியில் துப்பி, எந்த ரத்தம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் பூர்வீகப் பரிசோதனைக்கு அனுப்பின. கசாப்புக்கடைக்காரர் இரண்டு சதவீதம் நைஜீரியர் என்று முடிவு வந்தது. அன்றிலிருந்து யார்க்‌ஷயர் குளிர் தன் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

அலுவலர் லொரெட்டாவைத் திரும்ப அழைத்தார். "மன்னிக்கணும். மரியாள் கசாப்புக்கடைக்காரர் பொண்ணுக்குப் போயிடுச்சு. எல்ஸிக்குச் சான்றிதழ் இல்லையே."

"எங்கப்பாவே இருக்காரே, மேடம்."

"அப்பா எல்லாருக்கும்தான் இருக்காங்க. சதவீதம் இருக்கா?"

எல்ஸி ஆடாகிவிட்டாள். மேபலோடு சேர்ந்து வீடெல்லாம் மே மே என்று கத்தித் திரிந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, லொரெட்டா நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த இரண்டு சதவீதக்காரரைவிட நாம் எதில் குறைந்துவிட்டோம்?

நாடகத்தன்று மகள் மேடையில் ஆனந்தமாகப் பிஸ்கட் தின்றபோது லொரெட்டா அரங்கில் இல்லை. வெளியே, கிளைட்டின் வாயருகே பரிசோதனைக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் துப்புங்கப்பா. அடுத்த வருஷம் விடக்கூடாது."