எனக்கு மட்டும்தான் அவகாசம்

சட்டம் தெரியாதவர்கள் போலீஸைக் கண்டால் பயப்படுவார்கள். சட்டம் தெரிந்தவர்கள் பயப்பட மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. 'போலீஸ் வண்டியை நிறுத்தினால் உங்கள் உரிமைகள் என்ன?' என்று செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, யாராவது நம்மை நிறுத்த மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்கள். கல்யாணமான புதிதில் நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். தலைவி என்று சொல்ல மாட்டேன், செயற்குழு உறுப்பினர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. வாக்கப்பட்டது திருவனந்தபுரத்துக்கு. புகுந்த வீட்டார் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். சாலைக் கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்த தாத்தா காலத்திலிருந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் என் மாமியார், அதாவது அத்தை, பள்ளிக்கூடம் போனது மலையாளத்தில், பேப்பர் வாசிப்பது மலையாளத்தில், கேஸ் சிலிண்டர்காரரோடு சண்டை போடுவதும் மலையாளத்தில். எங்களிடமும் சாமியிடமும் மட்டும் தமிழ்.

நான் கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. ஆபீசில் சேர்ந்திருந்தேன். அங்கே இங்கிலீஷை வைத்து ஒப்பேற்றிவிடலாம். வெளியே போனால் மலையாளம் வேண்டும். அதற்கு நானே ஒரு முறை கண்டுபிடித்திருந்தேன். தமிழையே கொஞ்சம் மூக்கால் பேசி, கடைசியில் 'உண்டு', 'இல்லா' என்று போட்டால் மலையாளம் ஆகிவிடும். இந்த முறையில் மரச்சீனிக்கிழங்கு வாங்கியிருக்கிறேன், ஆட்டோ பிடித்திருக்கிறேன். யாரும் தப்பென்று சொன்னதில்லை. (சொல்லியிருப்பார்கள். எனக்குப் புரிந்திருக்காது.)

அன்றைக்கு நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் கழக்கூட்டத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். சமையல் எல்லாம் அங்கேயேதான். அடைப்பிரதமன் (அரிசி அடைத் துண்டும் வெல்லமும் போட்ட பாயசம்) மட்டும் கரமனையில் ஒரு சமையல்காரர் கையால்தான் ஆக வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. மற்ற எல்லோரும் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பிரதமனை வாங்கிக்கொண்டு வரும் பொறுப்பு எனக்கும் அத்தைக்கும் வந்தது.

கார் அத்தையுடையது. அத்தை பேரில் வாங்கியது, அத்தையே ஓட்டுவது. பெற்ற மகனுக்குக்கூடத் தர மாட்டார். "அவன் பிரேக்க சவுட்டுத சவுட்டுல வண்டி நடுவொடிஞ்சி போவும்" என்பார். ஆனால் அன்றைக்குப் பட்டுச்சேலையும், யாராவது பாயசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் சேர்ந்ததால், முதன்முறையாகச் சாவி என் கைக்கு வந்தது.

"பைய ஓட்டு பிள்ளே. வண்டியில கீறல் விழுந்தாலும் சாரமில்ல, பிரதமன் சிந்தப்பிடாது, கேட்டியா?"

கேட்டேன். எனக்கு அன்றைக்கு ஒரே ஆசைதான். பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி, 'எம் மருமவதான் ஓட்டிக் கொண்டாந்தா' என்று அத்தை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணமாகி நாலு மாதத்தில் அத்தை என்னைப் பற்றி வெளியாட்களிடம் சொன்னது, 'கொழம்புல புளி கூடும்' என்பது மட்டுமே.

கரமனையில் அண்டாவை ஏற்றினோம். பின் சீட்டில் வைத்தால் ஆடியது. முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் வைத்து, சீட் பெல்ட்டைப் போட்டு இறுக்கினால் அப்படி ஒரு பொருத்தம். அத்தை பின் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே எட்டி, மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டார். அப்படி எட்டுவதற்குத் தன் பெல்ட் தடையாக இருந்ததால் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. இப்படியாக என் புகுந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதை ஊருக்கே காட்டிக்கொண்டு கிளம்பினோம்.

சாக்கை சந்திப்பைத் தாண்டி பைபாஸில் ஏறியதும் ஒரு ஜீப். பக்கத்தில் ஒரு எஸ்.ஐ. கையைக் காட்டினார். நான் சந்தோஷத்தில் பிரேக்கை மிதித்த மிதியில் அண்டாவின் மூடி எகிறி, அத்தை "எம்மோ!" என்றார். ஒரு கரண்டி பிரதமன் டேஷ்போர்டில் விழுந்தது.

வீடியோவில் சொன்ன முதல் பாடம்: வண்டிச் சாவியை உருவ போலீஸுக்கு உரிமை கிடையாது. அவர் உருவுவதற்குள் நானே உருவி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன். இரண்டாவது பாடம்: கையில் இல்லாத காகிதங்களைக் காட்டப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. மூன்றாவது பாடம் ஒன்று இருந்தது, அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கண்ணாடியை இறக்கினேன்.

எஸ்.ஐ. நடுவயசுக்காரர், சாதுவான முகம். குனிந்து உள்ளே பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"பாயசத்தினு பெல்ட் உண்டு. அம்மக்கில்லே?"

நியாயமான கேள்வி. 'ஸாரி சார்' என்று சொல்லியிருந்தால் ரெண்டு நிமிஷத்தில் போயிருக்கலாம். ஆனால் உரிமைகளைக் கரைத்துக் குடித்தவள் ஸாரி சொல்லலாமா? நான் முஷ்டியை உயர்த்திக் காட்டி, "சாரே, சாவி எடுக்கான் பாடில்லா" என்று முதல் பாடத்தை ஒப்பித்தேன்.

"ஆரெடுத்து சாவி?" என்றார் அவர் குழப்பமாக. பிறகு, "லைசென்ஸும் புக்கும் பேப்பரும் எடுத்தே."

லைசென்ஸ் இருந்த கைப்பையை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டேன். வண்டிக் காகிதங்கள் அத்தை பீரோவில், சேலைக்கு அடியில். நான் கலங்கவில்லை. இரண்டாவது பாடத்தை மூக்கால் எடுத்துவிட்டேன்.

"எனிக்கு அவகாசம் உண்டு, சாரே. பதினஞ்சு திவசம்."

"அவகாசமோ? எந்தினு?"

"வண்டிக்கு. வண்டியுடெ பேப்பருக்கு."

"வண்டி ஆருடெ பேரிலா?"

கட்டைவிரலைப் பின்னால் காட்டினேன். "அத்தையுடெ."

"அப்போ அவகாசம் அம்மக்கல்லே?"

அப்படியானால் அம்மாவுக்குத்தானே அவகாசம் என்று கேட்கிறார். இந்த மனிதருக்கு நிலைமை புரியவில்லை. மண்டபத்தில் இலை போடப் போகிறார்கள், அத்தை காலை நாலு மணியிலிருந்து உட்காராமல் ஓடிக்கொண்டிருக்கிறார், மாமாவும் என் வீட்டுக்காரரும் அங்கே பந்தலில் அல்லாடுகிறார்கள், ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிற நான்தான் பின்னால் ஸ்டேஷனுக்கு வந்து காகிதம் காட்ட முடியும். இதையெல்லாம் விளக்கினேன்.

"இல்லா சாரே. அத்தைக்கு தீரெ அவகாசம் இல்லா. வீட்டில் ஆர்க்கும் அவகாசம் இல்லா. மாமாவுக்கு இல்லா. பர்த்தாவுக்கு இல்லா. எனிக்கு மாத்ரம் உண்டு!"

சரளமாக வந்துவிட்டது. இவ்வளவு நீளமாக நான் மலையாளம் பேசியதே கிடையாது. பெருமையாக அத்தையைக் கண்ணாடியில் பார்த்தேன். அத்தையின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என் மலையாளத்தைக் கேட்டு அசந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்.ஐ.யின் சாதுவான முகமும் மாறிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியைச் சுற்றிப் பின் கதவுப் பக்கம் போனார். குரலைத் தாழ்த்தி, ரொம்பக் கனிவாகக் கேட்டார்.

"அம்மே, பேடிக்கண்டா. தைரியமாயிட்டு பறஞ்ஞோ. மருமகள் வீட்டில் உபத்ரவிக்குந்நுண்டோ?"

பயப்படாதீர்கள் என்கிறார். அது தேவலை. உபத்திரவம் என்ற சொல்லுக்கு எந்த மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லையே.

"உபத்திரவமா! நானா!" என்று இரண்டு கையையும் விரித்தேன்.

விரித்த கையில் சாவி இருந்தது. அது மேலே போய், காரின் கூரையில் இடித்து, மூடி எகிறிக் கிடந்த அண்டாவுக்குள் விழுந்தது. குட்டி மணி கட்டின சாவி. உள்ளே போகும்போது ஒரு தடவை மணி அடித்தது, அவ்வளவுதான்.

நியாயமாக அத்தை பாயசத்துக்காக அலறியிருக்க வேண்டும். அத்தை அண்டாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் ஒனக்கு என்ன கொற வச்சேன் மக்களே? வீட்ல எனக்கு அவகாசம் இல்லைன்னு நடுரோட்டுல போலீஸ்ட்ட பறையதுக்கு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தை அழுது நான் பார்த்ததில்லை. சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"உள்ளதத்தானே அத்தை சொன்னேன்? உங்களுக்கு ஏது அவகாசம்? காலையில இருந்து ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட அவகாசம் இல்லாமத்தானே நிக்கிறிய?"

அத்தை முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"காப்பி குடிக்கயா?" என்றார். பிறகு மெதுவாக, "ஏட்டி, அவகாசம்னா என்னன்னு நெனச்ச?"

"டைம்."

இந்த இடத்தில் பாளையங்கோட்டை வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நம் ஊரில் அவகாசம் என்றால் நேரம். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. இப்போது நான் எஸ்.ஐ.யிடம் சொன்னதைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். பதினைந்து நாளாக வண்டி என் உரிமை. அத்தைக்கு ஒரு உரிமையும் கிடையாது. வீட்டில் மாமாவுக்கு இல்லை, கட்டின புருஷனுக்கும் இல்லை, எனக்கு மட்டும்தான் உண்டு. வந்து நாலு மாதமே ஆன மருமகள், மாமியார் காரை ஓட்டிக்கொண்டு, மாமியாரைப் பெல்ட் இல்லாமல் பின்னால் போட்டு, பாயசத்தைப் பெல்ட் கட்டி முன்னால் வைத்து, இதைச் சொல்கிறாள்.

அத்தைக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு சத்தம் வந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பட்டுச்சேலை கசங்குவதைப் பற்றிக் கவலையில்லாமல் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே எஸ்.ஐ.யிடம் விஷயத்தைச் சொல்ல முயன்றார். மூன்றாவது முயற்சியில்தான் அவருக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு ஜீப்பில் சாய்ந்துகொண்டார்.

"மோளே," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமயத்தினு சாவகாசம் எந்நு பறயணம். ஒரு 'சா' விட்டு போயி."

நேரத்துக்கு இங்கே சாவகாசமாம். ஒரே ஒரு 'சா'. அது இல்லாமல் நான் ஒரு குடும்பத்தையே சொத்துரிமையிலிருந்து நீக்கியிருக்கிறேன்.

அடுத்து சாவி. எஸ்.ஐ. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஆவி பறந்தது. நான் பரிதாபமாக அவரைப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாவி எடுக்கான் எனிக்கு அவகாசமில்லல்லோ!"

சட்டத்தை நான்தானே சொல்லிக்கொடுத்தேன். பரிமாறக் கொண்டுவந்த கரண்டியை விட்டுத் துழாவினேன். முதலில் அடை வந்தது. பிறகு தேங்காய்ச் சில்லு, முந்திரி, மறுபடியும் அடை. பைபாஸில் போகிற வண்டியெல்லாம் மெதுவாகப் போய்ப் பார்த்தது. ஒருவழியாகச் சாவி, வெல்லம் சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

சிரித்துவிட்டு அவர் எங்களை விட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அத்தை பெல்ட் போடாததற்கு முறைப்படி பெற்றி (இங்கே அபராதத்துக்கு அதுதான் பேர்) அடித்தார். லைசென்ஸும் காகிதமும் இல்லாததற்கு என்ன செய்யப் போகிறாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். "மோளுடெ போனில் இல்லே?" என்று கேட்டார். அப்போதுதான் மூன்றாவது பாடம் ஞாபகம் வந்தது: காகிதங்களை செல்போனிலேயே காட்டலாம். லைசென்ஸை நான் பதிந்து வைத்திருந்தேன். காரின் புக்கையும் இன்ஷூரன்ஸையும் என் வீட்டுக்காரர் எப்போதோ என் போனிலும் அத்தை போனிலும் ஏற்றிக்கொடுத்திருந்தார். அந்த போன் இவ்வளவு நேரமும் என் மடியில்தான் கிடந்தது.

போகிற வழியில் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சாவி கெடந்து வெந்த பிரதமன சம்பந்தக்காரனுக்கு வெளம்ப எனக்கு மனசு வராது." மண்டபத்துக்கு போன் போட்டார். மாமா தம்பானூர் ஹோட்டலில் இருந்து பால்பாயசம் தருவித்து, போளியோடு போட்டு மானத்தைக் காப்பாற்றினார். எங்கள் அண்டா மண்டபத்துக்குள் நுழையவே இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, நாங்களே மிச்சமில்லாமல் குடித்துத் தீர்த்தோம். இரும்புச்சத்து நல்லது என்றார் என் வீட்டுக்காரர்.

பந்தியில் அத்தை என்னைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா? பேசினார். ஒவ்வொரு பந்தியிலும் பேசினார். "எம் மருமவதான் ஓட்டிக் கொண்டாந்தா" என்றுதான் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு சொன்னதைக் கேட்டு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ரசம் புரை ஏறியது. அத்தை அவ்வளவு வாய்விட்டுச் சிரித்ததை நாத்தனாரே பார்த்ததில்லையாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிவி ரிமோட் யாரிடம் இருந்தாலும், "வீட்டில் ஆர்க்கும் அவகாசம் இல்லா" என்று மாமா அதை என்னிடம் நீட்டுவார். தேங்காய் வாங்கி வரச் சொன்னால் என் வீட்டுக்காரர், "பர்த்தாவுக்கு இல்லா" என்பார், எந்த அர்த்தத்தில் என்று சொல்லாமல். நாத்தனாரின் பிள்ளைகள் என்னை மாமி என்று கூப்பிடுவதில்லை, அவகாச மாமி என்கிறார்கள்.

போன வருஷம் அத்தைக்கு முட்டு ஆபரேஷன் ஆனது. இனி கார் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.  மூன்றாம் நாள் அத்தை என்னைக் கூப்பிட்டு, வண்டியை என் பேருக்கு மாற்றும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியை நீட்டினார். அதில் அந்தக் குட்டி மணி இன்னும் இருக்கிறது. அன்றைக்கு வெல்லம் அடைத்தது, அப்புறம் அடிக்கவே இல்லை.

"இன்னா பிடி. இனி அவகாசம் ஒனக்குத்தான்."

சாவியை வாங்கிக்கொண்டேன். "அப்ப உங்களுக்கு, அத்தை?" என்றேன்.

"எனக்கா?" அத்தை காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். "எனக்கு 'சா' சேத்து."