மாரியம்மனிடம் போன ஒரு சிலிங்

என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கிய அந்தச் சாயங்காலம், நான் முதலில் சாமி படத்தைக் கும்பிட்டேனா, முதலில் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. பெற்றவள் இப்படி எழுதலாமா என்றும் தெரியவில்லை.

டின்னுக்குள் இருந்தவை ஆப்பிரிக்க நோட்டுகள். உலகச் சண்டைக் காலத்தில் ஆப்பிரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் எங்கள் இலங்கை மலைப் பக்கம் வந்து தங்கியிருந்தார்கள். அப்பாவின் கடையில் அவர்கள் விட்டுப்போன கிழக்கு ஆப்பிரிக்க நோட்டுகளை யாரும் வாங்கவில்லை. அப்பா அவற்றை என்னிடம் தந்துவிட்டார். மற்றப் பெண்கள் பாட்டுப் புத்தகம் சேர்த்தார்கள். நான் இதைச் சேர்த்தேன். ஐந்து, பத்து, இருபது சிலிங் எல்லாம் கிடைத்தன. கிடைக்காதது ஒரு சிலிங் நோட்டுத்தான். சண்டையில் சில்லறைத் தட்டுப்பாடு வந்ததால்தான் அதைக் கடதாசியில் அடித்தார்களாம். கல்யாணமாகி டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகு, ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் அது இருப்பதைக் கண்டேன். பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய மைப்பேனாவைக் கொடுத்து வாங்கினேன். (என் புருஷன் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். "பேனா இருந்தா கடையில ஒரு சாமான் லிஸ்டாவது எழுதலாம். இத வச்சு ஒரு தீப்பெட்டி வாங்க முடியுமா புள்ள?" என்றார். நான் நோட்டை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன்.)

மகளுக்கு அப்போது எட்டு மாதம். மத்தியானம் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தோட்டத்து மருந்துக்காரர் தந்த மிக்சர் மருந்தையும் கக்கிவிட்டாள். என் புருஷன் ஆபீசில் இருந்தார். என் மாமியார் அடுப்படியிலிருந்து கத்தினார்:

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? மாரியாத்தாவுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வையி! சீக்கிரம்!"

வீட்டுச் செலவுக்கு வைத்த ரூபாய் நோட்டும் அதே டின்னில்தான் இருந்தது. (ஆமாம், புத்திசாலித்தனமாக இரண்டையும் ஒன்றாய் வைத்தவள் நான்தான்.) இலங்கை ஒரு ரூபாயிலும் அதே ராசா தலை, ஆப்பிரிக்க ஒரு சிலிங்கிலும் அதே ராசா தலை. கண்ணீரோடு பார்த்தால் எல்லா ராசாவும் ஒன்றுதான். கையில் வந்த ராசாவை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து, சாமி படத்து ஆணியில் தொங்கவிட்டேன்.

பொழுது சாயும்போது பிள்ளைக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. டின்னில் ரூபாய் இருந்தது. சிலிங் இல்லை.

நேர்ந்த முடிச்சைக் கோயிலில்தான் அவிழ்க்க வேண்டும், வீட்டில் அவிழ்க்கக் கூடாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், மறுநாள் மாமியார் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவிழ்த்தேன். சிலிங்கை எடுத்து ரூபாயை வைத்து முடிந்தேன். அம்மனுக்கு நட்டமில்லை, ரூபாய் இந்த ஊரில் செல்லும் காசு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மகள் தும்மினாள்.

ஓடிப்போய் சிலிங்கையே திரும்ப வைத்தேன். தும்மல் நின்றது. அது வெறும் தும்மல்தான், மிளகாய் வறுத்த வாடைதான் என்று மனதைத் தேற்றி, மறுநாள் மறுபடி ரூபாயை வைத்தேன். பிள்ளை பாலைக் கக்கினாள். மறுபடி சிலிங். அந்த வாரம் முழுவதும் அந்த ராசா போய்வந்துகொண்டே இருந்தார். என் விரல்களில் மஞ்சள் போகவேயில்லை.

"என்னாடி, தினம் மஞ்ச பூசிக் குளிக்கிறியா?" என்றார் மாமியார்.

"ஆமாங்க அத்தை."

"குளிச்ச மாதிரி தெரியலையே."

கடைசியில் பயம் ஜெயித்தது. திருவிழாவன்று சிலிங் இருந்த முடிச்சோடுதான் போனேன். உண்டியலில் அப்படியே போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பூசாரி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். எல்லார் முன்னாலும் அவிழ்த்தார். தொழிலாளர் லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே போய் ஒளிந்துகொள்ளக் கருவறைதான் பாக்கி.

"இது எந்தூருக் காசு?" என்றார் பூசாரி.

ஒரு பெரியம்மா, "கிளாக்கர் வீட்டுப் பொம்பள சாமிக்கே செல்லாத நோட்ட மாத்திப்புட்டா!" என்றாள். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் தேயிலை வாடியிருக்கும்.

மன்னிப்புக் கேட்டு நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. கையைக்கூட நீட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து பூசாரி நோட்டைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு சிங்கம்.

"ஆத்தா! ஒன் வாகனமா!" என்று அலறினார். தப்பு அடித்தவர்கள் அடியைக் கூட்டினார்கள். என்னைத் திட்டிய பெரியம்மாவே குலவையிட்டாள். மாமியார் தலையை நிமிர்த்தி, "எம் மருமகதான்" என்றார். அவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு நான் கொடுத்தது என் ஒரே ஒரு சிலிங்.

நோட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மன் காலடியில் வைத்துவிட்டார்கள். வீட்டில் என் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "இங்கயே பொறந்த நமக்குக் கவர்மெண்டுக்காரன் பிரஜாவுரிமை இல்லைங்கிறான். ஒன் நோட்டுக்கு ஒரே நாள்ல குடுத்துட்டாங்களே!" இன்றும் யார் பிரஜாவுரிமை விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்தாலும், "பின்னால சிங்கம் இருக்கா?" என்றுதான் கேட்கிறார். வந்தவரும் சிரிக்கிறார். நான் மட்டும் தேத்தண்ணீர் போட உள்ளே போய்விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டதாக ஊரில் பேச்சு. நான் பார்ப்பது சட்டத்தின் ஓரத்தை. இந்த மழைக்கும் பனிக்கும் கண்ணாடிக்குள் ஈரம் ஏறி, நோட்டில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்திருக்கிறது. சட்டத்தைக் கழற்றி ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் பிழைக்கும். பூசாரியிடம் கேட்டால், "நீயே எடுத்துக்கிட்டுப் போயி செஞ்சு குடும்மா" என்பார். நோட்டு என் வீட்டுக்குள் வந்துவிட்டால் திரும்பக் கொடுப்பேனா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. மகளுக்கு இப்போது ஆறு வயது. நேற்றிலிருந்து லேசாக இருமுகிறாள்.

நான் பூசாரியிடம் கேட்கலாமா, வேண்டாமா? வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நோட்டுச் சேர்ப்பவர்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றவர்கள் சொல்லப்போவதும் தெரியும். இரண்டும் செய்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.