கீரையில் ஓர் எச்சரிக்கை

சுவரில் எழுதியிருந்ததை எல்லோரும் படித்தார்கள். நின்றபடியே படித்தார்கள். அதுதான் சிக்கல்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அந்தச் சுவரை ஒட்டி போர்டு எழுதும் கடை வைத்திருந்தார் அப்துல் ஷுக்கூர். ‘அசுத்தம் செய்யாதீர்’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியதும் அவரேதான்.

“பாய், உங்க கடை மறைவுலதான் எல்லாரும் ஒதுங்கறாங்க. அடுத்த மாசம் வருவேன். நாத்தம் அடிச்சா கடை இருக்காது,” என்றார் சுகாதார ஆய்வாளர் சவுரியப்பன். அவருக்குக் குடை பிடித்து நின்றான் பியூன் மாது. அவர் வீட்டுக்குச் சமைப்பதும் அவன்தான்.

ஷுக்கூர் யோசித்தார். பெயிண்டின் முன் நிற்கக் கூசாதவன், சாப்பிடும் பொருளின் முன் கூசுவான். சுவரில் இருந்ததைச் சுண்ணாம்படித்து அழித்துவிட்டு, சுவரோரக் குப்பை மண்ணைக் கொத்தி, அதே வாசகத்தைத் தரையில் சிவப்புத் தண்டுக்கீரையால் எழுதினார். கீரை விதை கடுகைவிடச் சிறியது. வெறுமனே தூவினால் ஓரிடத்தில் கொட்டிவிடும். மணலோடு கலந்தால் கோடு சீராக விழும். புள்ளி வைத்த எழுத்துக்குத் தலையில் ஒரு தக்காளி நாற்று. உரம் தேவைப்படவில்லை. அதை ஊரே பல வருஷமாகப் போட்டிருந்தது.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கோர் எழுத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

“என் ‘சு’வைப் பாருங்க பாய். டீக்கடைக்காரரு ‘அ’வைவிட ஒரு சாண் உசரம்,” என்றாள் பூக்கடை பாஞ்சாலி.

“உசரம் இருக்கட்டும் தாயி, வால் கோணிக்கிச்சு பாரு,” என்றான் டீக்கடை பச்சியப்பன்.

யாரும் அங்கே ஒதுங்கவில்லை. ஆடுகள்தான் வந்தன, படிக்காமலே மேய்ந்தன. நுனி போனால் தண்டுக்கீரை பக்கத்தில் துளிர்க்கும். எழுத்து இன்னும் தடித்தது. இருந்தாலும் ஷுக்கூர் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்குச் சாக்கு கட்டினார்.

ஆடுகள் போயின. அவ்வளவு நல்ல மறைவு அந்த வட்டாரத்திலேயே இல்லாததால், மனிதர்கள் திரும்பி வந்தார்கள்.

வாசகம் வெளியே தெரியட்டும் என்று ஒரு முனையில் சாக்கை விலக்கி வைத்தார். அது வாசலாயிற்று.

சொன்னபடி சவுரியப்பன் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

“படிக்கத் தெரியாதாய்யா?”

“தெரியுங்க. படிச்சுட்டுத்தாங்க நிக்கறேன்.”

தரையில் ‘அசுத்தம் செய்’ என்று செழிப்பாக இருந்தது. அதற்கப்பால் ஒரே ஒரு தக்காளிச் செடி, முற்றுப்புள்ளியாக.

“மிச்சம் எங்க பாய்? ஆடு தின்னுச்சா?”

“ஆடு நுனியத்தாங்க கடிக்கும், தண்டு நிக்கும். இது வேரோட புடுங்கினது. மனுசன் வேலை. இந்த மண்ணு என்ன மண்ணுன்னு தெரிஞ்சும் திங்க எவனுக்குங்க மனசு வரும்?”

கடையை எடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட சவுரியப்பன் பேனா மூடியைத் திறந்தார்.

பின்னால் குடையோடு நின்ற மாது தலையைச் சொறிந்தான்.

“ஐயா, நேத்து பொரியல் ருசியா இருக்குதுன்னு ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே... அதுதாங்க ‘யாதீர்’.”