குசினிக்கு அறுபத்தொரு நாள் தடை

இந்த வருஷம் என் பெண்சாதியைச் சட்டப்படி ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஏன் சட்டப்படி என்றால், மற்றதெல்லாம் பார்த்தாச்சு. கோபப்பட்டுப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ராத்திரி நானே போய் பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

என் பேர் இனிகோ. தூத்துக்குடியில் முப்பத்திரண்டு வருஷமாக லாஞ்சு, அதாவது மீன்பிடி விசைப்படகு, டிரைவர். படிப்பு அஞ்சாம் வகுப்பு. கடலில் நான் ஒரு சொல் சொன்னால் அம்புட்டுப் பெரிய லாஞ்சு திரும்பும். வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் டேபிள் ஃபேன்கூட என் பக்கம் திரும்பாது.

பெண்சாதி விக்டோரியா. வயசு நாற்பத்தெட்டு. லா காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். எங்கள் ஒரே மகள் விஜிலா சென்னைக்கு வேலைக்குப் போனதும், ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு, "நான் லா படிக்கப் போறேங்க" என்றாள். கருவாடு வாங்கப் போகிற மாதிரிதான் சொன்னாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

தினமும் திருநெல்வேலிக்கு பஸ். காதில் மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளையாக ரெண்டு, வயரில்லாத இயர்போன். போனில் வாத்தியார் பாடத்தை ஒண்ணரை மடங்கு வேகத்தில் ஓட விடுவாள். அந்த மனுஷன் மூச்சு விடுகிற சத்தமே கேட்காது. தீர்ப்பு வேண்டுமா, போன். சட்டப் புத்தகம் வேண்டுமா, டேப். எழுத வேண்டுமா, வாயால் சொன்னால் போதும், போனே எழுதிக்கொள்ளும். ஒருநாள் அவள், "சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு ஐம்பத்திமூன்று" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பின்னாலிருந்து, "ஏளா, ஒரு டீ" என்றேன். காலேஜுக்குப் போன அசைன்மென்ட்டில், "பிரிவு ஐம்பத்திமூன்று ஏளா ஒரு டீ" என்று இருந்ததாம். அதற்கு நான் ஒரு வாரம் டீ இல்லாமல் தண்டனை அனுபவித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வாரேன்.

ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். மீன் முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம். அறுபத்தொரு நாள் எங்கள் லாஞ்சுகளெல்லாம் துறைமுகத்தில் சும்மா கிடக்கும். நாங்களும் வீட்டில் சும்மா கிடப்போம். தடைக்காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, என் லாஞ்சில் வேலை செய்கிற அஞ்சு பேருக்கும் என் வீட்டில் சாப்பாடு. பதினெட்டு வருஷமாக நடக்கிறது. விக்டோரியா தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைத்தால் தெருமுனையிலேயே பயல்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பான்கள்.

பதினைந்தாம் தேதி காலையில் எழுந்து பார்க்கிறேன், குசினிக் கதவில் ஒரு தாள். கம்ப்யூட்டரில் அடித்து, பிரின்ட் எடுத்து ஒட்டியிருக்கிறாள்.

"குசினித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாட்கள். இந்த வீட்டில் படிப்பு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலமாகையால், மேற்படி நாட்களில் குசினியில் யாதொரு சமையலும் நடைபெறாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

"என்னளா இது?"

"வாசிக்கத் தெரியுமில்லா? வாசிங்க."

"ஏளா, தபசு காலமே நாப்பது நாளுதான். ஆண்டவரே நோன்ப நாப்பதோட விட்டுட்டாரு."

"ஆண்டவருக்கு அரியர் கெடையாது. எனக்கு இருக்கு."

 அந்த அரியர் கதை எனக்குத் தெரியும். போன வருஷம் தடைக்காலத்தில், நாள் தவறாமல் யாரையாவது சாப்பிடக் கூட்டி வந்தேன். அவள் அரைத்தாள், பொரித்தாள், பரிமாறினாள், அப்படியே போய்ப் பரீட்சை எழுதினாள். ஒரு பேப்பர் போய்விட்டது.

"நாலு மார்க்கு," என்றாள். "நாலே நாலு மார்க்கு. உங்க மீன் குழம்புல கரைஞ்சு போச்சி. இந்தத் தடவையும் போச்சின்னா, கூடப் படிக்க பிள்ளைய எல்லாம் மூணாம் வருசத்துக்குப் போவும், நான் இந்த ஒத்தப் பேப்பரக் கட்டி அழணும்."

"சரிளா, சோத்துக்கு?"

"முத்துக்கனியக்கா மெஸ்ஸுல ரெண்டு பேருக்கும் சொல்லியாச்சி. சாம்பாரு, ரசம், ஒரு கூட்டு."

"சாம்பாரா! லாஞ்சு டிரைவருக்கா!"

"மீனுக்கும் ஓய்வு வேணும்னு ஊரெல்லாம் சொல்லுதீங்க. மீனுக்கு ஒரு நியாயம், பெண்சாதிக்கு ஒரு நியாயமா?"

மறுநாள் அவள் காலேஜுக்குப் போனதும் பூனை மாதிரி குசினிக்குள் நுழைந்தேன். ஒரு டீ போடலாம் என்றுதான். டீத்தூள் டப்பாவில் கை வைத்தேன். என் போன் அடித்தது.

"டப்பாவ வச்சிட்டு வெளிய வாங்க."

"எங்கருந்துளா பேசுத?"

"வல்லநாடு தாண்டியாச்சி. மேல பாருங்க."

பார்த்தேன். மேல் தட்டில் அவளுடைய பழைய போன், ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கடலில் கோஸ்ட் கார்டுக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

அன்று ராத்திரியே அவள் குசினிக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். மறுநாள் சாயங்காலம் ஜேசுபாதம் வந்தான். என் லாஞ்சில் வலை இழுக்கிறவன்.

"அண்ணே, பயலுவ கேக்கான். ஞாயித்துக்கெழம உண்டுமா, இல்லையா?"

"ஏன் இல்லாம? உண்டு."

"இல்ல, மதினி குசினியப் பூட்டிட்டாவன்னு மெஸ்ஸுல பேசிக்கிட்டாவ."

"ஏலே, பூட்டுனா தொறக்கத் தெரியாதா? சட்டம் படிச்சவ பூட்டுனத சட்டத்த வச்சே தொறந்து காட்டுதேன். எல்லாவனையும் வரச் சொல்லு."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குச் சட்டம் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

ஆனால் என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, போட்டோவெல்லாம் ரெண்டு பேருக்கும் வரட்டும் என்று விஜிலா எங்கள் ரெண்டு பேர் போனையும் டேப்பையும் ஒரே கணக்கில் கோத்துவிட்டுப் போயிருந்தாள். விக்டோரியா டேப்பில் எதைச் சேர்த்து வைத்தாலும் என் போனிலும் வந்து நிற்கும். இது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேடினேன். நூறு ஃபைல். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் தமிழில் ஒரே ஒரு பேர்:

"இனிகோ கண்ணில் படக்கூடாது."

 திறந்தேன். பொடி எழுத்து. வாசித்துக் காட்டுகிற பொத்தானை அமுக்கினேன். போனுக்குள்ளிருந்து ஒரு பொம்பளை, "தூத்து. குடி," என்று ஊர்ப் பேரை ரெண்டாகப் பிளந்து வாசிக்க ஆரம்பித்தாள். மீன்பிடித் தடையைப் பற்றிய குறிப்புகள். ஒரு இடத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள் கோடு. அங்கே வாசித்தாள்: "தடை விசைப்படகுகளுக்கு மட்டுமே. நாட்டுப்படகுகளுக்குப் பொருந்தாது."

நான் கட்டிலை விட்டுக் குதித்தேன்.

முப்பத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த சங்கதி! ஜேசுபாதத்தின் மச்சானே தடைக்காலத்தில் வள்ளத்தில், அந்த நாட்டுப்படகில், போய்ப் பிடித்து வருகிறான். மிஷின் போட்ட லாஞ்சுக்குத்தான் தடை. அப்படியானால் குசினியிலும் மிஷினுக்குத்தானே தடை? மிக்ஸிக்குத் தடை. கிரைண்டருக்குத் தடை. அம்மிக்கு யார் தடை போட்டது? என் பெண்சாதி பயந்துபோய் ஒளித்துவைத்த பாயிண்ட் இதுதான்!

உடனே மனுவை வாயாலேயே சொன்னேன், போன் எழுதிக்கொண்டது. கடைசி வரி ரொம்ப ஜோராக வந்தது: "ஆகவே, மிஷின் இல்லாமல் கையால் சமைக்க மேற்படி குசினியைத் திறந்துவிடும்படி வேண்டுகிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கோர்ட்டு கூடியது. நீதிபதி விஜிலா, வீடியோ காலில். சோற்றுப் பானையில் சாய்த்து வைத்த டேப்புக்குள் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்று வாதாடினேன். ஐயா, அப்படி ஒரு வாதம்! தடை எதற்கு வந்தது, யாருக்கு வந்தது, லாஞ்சு என்ன, வள்ளம் என்ன, மிக்ஸி என்ன, அம்மி என்ன. விக்டோரியா முகம் சுருங்கிப் போனது.

"இந்தப் பாயிண்டு உங்களுக்கு எப்படிக் கெடச்சிச்சி?" என்றாள்.

"கடல்ல கெடக்க மீனையே கண்டுபிடிக்கவன்ளா நான்."

"நீதிபதி அவர்களே, எனக்கு ஒரு வாரம் வாய்தா வேணும்."

"குடுக்கக் கூடாது!" என்று மேஜையைத் தட்டினேன். "ஒரு மணிக்கு அஞ்சு பேரு சாப்பிட வாரான். இப்பவே தீர்ப்புச் சொல்லணும்!"

விஜிலா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். "மனு ஏற்கப்படுகிறது. மிஷின் இல்லாம கையால சமைக்க குசினியத் தொறந்து விடணும்."

ஜெயித்துவிட்டேன்! கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று ஓடி வந்தேன். "கேட்டியாளா? போ. அம்மியக் கழுவு."

விக்டோரியா நோட்டீசைக் கிழித்தாள். குசினிக் கதவை அகலமாகத் திறந்தாள். சாவியை என் கையில் வைத்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரூமுக்கு நடந்தாள்.

"ஏளா, எங்க போற?"

"படிக்க."

"அப்போ சமையலு?"

"உங்க மனுவுல யாரு சமைக்கணும்னு இருக்கு? வாசிங்க."

வாசித்தேன். ஒருதரம். ரெண்டுதரம். இல்லை.

"குசினியத் தொறக்கச் சொல்லிக் கேட்டீங்க. தொறந்தாச்சி. கேக்காதத கோர்ட்டு குடுக்க முடியாது. நாட்டுப்படகு கடலுக்குப் போவலாம்னுதான் சட்டம். போகாத மனுசனப் புடிச்சி வள்ளத்துல ஏத்தணும்னு எங்கயும் இல்ல."

"அம்மாடி விஜிலா! இது நியாயமா?"

"அம்மா சொல்றது கரெக்ட்டுப்பா."

"அப்போ மனுவத் திருத்துதேன்!"

"தீர்ப்புக்குப் பொறவா?" என்றாள் விக்டோரியா. "மேல்முறையீடு பண்ணுங்க. ஜூன் பதினஞ்சுக்கு மேல எடுத்துக்கிடுதேன்."

ரூம் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வாத்தியார் ஒண்ணரை மடங்கு வேகத்தில் ஓட ஆரம்பித்தார்.

மணி பத்தரை. ஜேசுபாதம் மச்சானுடைய வள்ளத்திலிருந்து ரெண்டு பெரிய விளமீனோடு வந்தான். முருங்கை மரத்தடியில் அம்மிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான்.

"அண்ணே, கேசு?"

"ஜெயிச்சாச்சி."

"பொறவு ஏன் நீரு அம்மிக்கிட்ட இருக்கீரு?"

"தீர்ப்ப அமுல்படுத்துதேன்லே. தேங்காயத் திருவு."

அரைக்கத் தெரியும், என்னத்தை அரைக்க என்று தெரியாது. அந்த நேரம் போன் டிங் என்றது. "இனிகோ கண்ணில் படக்கூடாது, 2." திறந்தேன். போன் பொம்பளை வாசித்தாள்: "ஏழு பேருக்கு மீன் குழம்பு. தேங்காய் இரண்டு. நைசாக அரைக்கவும்." போனுக்கு எப்படி என் மனசு தெரிந்தது! இந்தக் காலத்து விஞ்ஞானம் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே அரைத்தேன். பயல்கள் அஞ்சு, நான் ஆறு, ஏழாவது யார் என்று விரல் விட்டுக்கொண்டிருக்கும்போது ரூமுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"என்னங்க, எனக்குத் தலை வேண்டாம். நடுத்துண்டு வைங்க."

ஒன்று சொல்லுகிறேன், குழம்பு பிரமாதம். பயல்கள் சட்டியை வழித்துவிட்டான்கள். "மதினி கைப்பக்குவம் அப்பிடியே இருக்கே!" என்றான் அதில் ஒருவன், கிங்ஸ்டன். நான் மறுக்கவில்லை. அந்த ருசியில் தடைக்காலம் முடிகிறவரை நானே ஆக்கினேன். மெஸ்ஸை நிறுத்தியாச்சு. கேஸை ஜெயித்தவன் சாம்பாரா தின்பான்? விக்டோரியா படித்தாள். பரீட்சை எழுதினாள். ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. அந்த அரியர் பேப்பரில் எழுபத்தொரு மார்க்கு! தெருவுக்கே லட்டுக் கொடுத்தேன். "எழுபத்தொண்ணுல அறுபத்தொண்ணு என்னுது. ஒரு நாளைக்கு ஒரு மார்க்கு," என்று வாங்கினவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஜேசுபாதத்துக்கு அந்த வரலாற்றுப் புகழ் பெற்ற ஃபைலைக் காட்டினேன். அவன் பத்தாவது பாஸ். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

"அண்ணே, இது ஏப்ரல் பதிமூணுல்லா போட்டிருக்கு? ரெண்டாவது ஃபைலுலயும் அதான். தடைக்கு ரெண்டு நாளு முந்தி."

"அதுக்கென்னலே?"

"இல்ல, நீரு கேசு போட்டது பொறவுதான?"

வீட்டுக்குள் போனேன். விக்டோரியா காதில் மொட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அந்த மஞ்சக் கோடு..."

"நான் சொல்லியிருந்தா அம்மியில உக்காந்திருப்பீங்களா?"

முப்பத்திரண்டு வருஷமாக மீனுக்கு வலை விரித்தவன் நான். இந்தத் தடவை வலைக்குள் கிடந்தது நானேதான். கையில் போன் டிங் என்றது.

"இனிகோ கண்ணில் படக்கூடாது, 3."

திறக்கவே கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மூன்று எண்ணுவதற்குள் திறந்துவிட்டேன். "காலேஜ் பிள்ளைகள் இருபது பேருக்கு மட்டன் பிரியாணி, வருகிற ஞாயிறு." மஞ்சள் கோடு ஒரே ஒரு வரியில்தான்: "வெங்காயம் நான்கு கிலோ, கையால் நறுக்கவும்."