பத்து லட்சத்து ஒன்று

கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காமலே எண்களைப் பற்றிப் பேசுவோம். எனக்கு அது முற்றியிருந்த காலத்தில்தான் கும்மிடிப்பூண்டியில், கார் கதவுக்கு பிளாஸ்டிக் கிளிப் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தேன்.

புது மெஷினில் பத்து லட்சமாவது கிளிப் வரும் நாளை விழாவாக வைத்தார்கள். மணவாள நகரிலிருந்து என் கணவரும் மாமியாரும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த எண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவது என் பொறுப்பு. (நானே போய்க் கேட்டு வாங்கியது.) பத்து லட்சம் ஆயிரத்தின் வர்க்கம், நூறின் கனம், அதற்குச் சரியாக நாற்பத்தொன்பது வகுத்திகள் என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

மீட்டரை 9,99,999-இல் நிறுத்தியிருந்தார்கள். மேனேஜர் பொத்தானை அழுத்தினால் பத்து லட்சம். விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு பயம். அந்த நேரம் பார்த்து மெஷின் மக்கர் செய்தால்? எதற்கும் ஒன்று ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அழுத்தினேன். அழகான கிளிப் ஒன்று விழுந்தது. மீட்டரும் நகர்ந்தது. அது பின்னால் போகாது என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தம் போடாமல் கிளிப்பை பேக்கிங்குக்குப் போகும் டிரேயில் போட்டுவிட்டேன்.

கைதட்டலுக்கு நடுவே மேனேஜர் அழுத்தினார். கிளிப்பைத் தட்டில் வைத்துப் பூ போட்டார்கள். பிறகு அவர் மீட்டரைப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஒண்ணு எக்ஸ்ட்ரா காட்டுது?" என்று என் காதில் கேட்டார்.

"அதுதான் சார் விசேஷமே!" என்றேன். (வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.)

நான்கு பக்கமும் வீண். மனதுக்குள் அவசரமாக வகுத்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று, எதிலும் போகவில்லை. பதினேழுக்குப் போவதற்குள் மைக் கைக்கு வந்துவிட்டது.

"பத்து லட்சத்து ஒன்று ஒரு பகா எண்! நம் கம்பெனியைப் போல, இதை யாராலும் பங்கு போட முடியாது!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். மாமியார் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க ஊட்டு மருமவ" என்று சொல்வது மேடை வரை கேட்டது.

அந்தச் சமயத்தில் பேக்கிங்கில் வேலை செய்யும் மேரி அக்கா, கையில் ஒரு டப்பாவோடு மேடை ஏறி வந்தார். ஆரம்பாக்கத்துக்காரர். மனதில் பட்டதை அப்படியே சொல்பவர்.

"மேடம், அந்தக் கிளிப்பைக் குடுங்க. கடைசி டப்பாவுல ஒண்ணு கொறையுது."

"அக்கா, இது விழா கிளிப்..."

"இருக்கட்டும் மேடம். டப்பாவுக்கு நூறும் சாம்பிள் ஒண்ணுமா நூத்தியொண்ணு போட்டுக்கினு வரோம். இத்தப் போட்டா ஒம்பதாயிரத்தித் தொள்ளாயிரத்தி ஒரு டப்பா. ஒண்ணுகூட மிச்சமில்ல. பங்கு போட முடியாதுன்றீங்களே?"

அவர் பேசியது மைக்கில் முழுதாகக் கேட்டது. மேனேஜர் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். சரியாகப் பத்து லட்சத்து ஒன்று வந்தது. நான் மெஷினுக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். முதலில் சிரித்தது என் கணவர்.

வேலை போகவில்லை. மேரி அக்காவின் சிநேகிதம் கிடைத்தது. ஆனால் வீட்டில் நான் எதையாவது முடியாது என்று அடித்துச் சொன்னால், "ஏம்மா, மேரி அக்காவைக் கேட்டியா?" என்கிறார் கணவர்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். கிளம்பும்போது, "இத்தனை பேரும் ஒரே ஆட்டோவில் போக முடியவே முடியாது" என்றேன். எல்லோரும் திரும்பி மேரி அக்காவைப் பார்த்தார்கள்.

அவர் தலைகளை எண்ண ஆரம்பித்திருந்தார்.