அப்பாவின் ஒன்பதாவது பனையும் நீ அனுப்பிய மெஷினும்

கர்த்தருக்குள் அன்பான தம்பி எலிப்பாசுக்கு, சபருவா தீவிலிருந்து அண்ணன் மேசாக் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, பன்றி இரண்டு, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அம்போன் நகரத்தில் நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

நீ அனுப்பிய துருவும் மெஷின் வந்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டு ஆள் நாலு நாள் மல்லுக்கட்டும் சாகோப் பனைத் தண்டின் சோற்றை அது இரண்டு மணி நேரத்தில் துருவித் துப்பிவிடுகிறது, ஆனால் அடுத்த பனை முற்றப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்பதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, வெட்ட வைத்திருந்த நம் எட்டுப் பனையும் தீர்ந்தன. துருவலைக் கழுவி மாவெடுக்கும் இடத்தில் கை வைத்தவருக்கு ஒரு கூடை என்பது ஊர் வழக்கம். முன்பு நாலு பேர் வருவார்கள், இப்போது மெஷின் சத்தம் கேட்டால் ஊரே வருகிறது. தொர்காஸ் சித்தி தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "நானும் வேலை செஞ்சேன்டா, என் கூடை எங்க?" என்கிறாள். "ஒரு செம்புத் தண்ணிக்கு ஒரு கூடையா சித்தி?" என்றால், "ஒங்கப்பன் இப்படியெல்லாம் எண்ணிப் பாத்ததில்ல" என்கிறாள். மிஞ்சிய பதினோரு கூடையும் படகு வராமல் பத்து நாள் துறையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து புளித்தன. கடைசியில் வந்த படகுக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு அரிசி மூட்டைகளை இறக்கினான். அது நம் மாவைவிட மலிவு.

இனி எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி. அப்பா தன் சாவுச் சாப்பாட்டுக்கென்று விட்டுவைத்திருந்த ஒன்பதாவது பனையையும், புளித்த மாவின் நட்டத்தை ஈடுகட்ட, போன வாரம் வெட்டிவிட்டேன். படுக்கையில் கிடந்தவருக்கு மரம் விழுந்த சத்தம் கேட்டுவிட்டது.

"எந்த மரம்டா அது?"

"வேற யாரோடதோப்பா."

"பொய் சொல்லாத. இனிமே கன்னு வெச்சு முத்துற வரைக்கும் நான் சாக முடியாது. பன்னெண்டு வருஷம் ஒக்காந்து எனக்குக் கஞ்சி ஊத்து."

வெட்கத்தோடு போய்க் கஞ்சி ஊற்றினேன். அந்த மாவையும் ஊர் கூடை கூடையாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்பாவுக்கு இனி ஒரு வாரம்கூடத் தாங்காது என்கிறார் டாக்டர். இந்தத் தீவில் சாவு வீட்டில் அரிசிச் சோறு போட்ட முதல் குடும்பம் நம்முடையதாக இருக்கும். வரும்போது இரண்டு மூட்டை அரிசி கொண்டுவா. மெஷினை எவன் தலையிலாவது கட்டிவிட்டு, இந்தத் திருட்டு ஊருக்கு ஒரு கும்பிடு போடப்போகிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் குறைவில்லாத சாப்பாடு தருவாராக.

அன்புள்ள அண்ணன்,
மேசாக்

பி.கு.: உறையை ஒட்டும் முன் அப்பா போய்விட்டார். காலைக் கஞ்சியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார். தொர்காஸ் சித்தி முதல் ஆளாகத் தலையில் கூடையோடு வந்தாள். "ஒங்கப்பன் மரம்டா இது. யாராவது கூடையப் பிரிப்பாங்களா?" என்று இறக்கி வைத்தாள். பின்னாலேயே ஊர் வந்தது. எண்ணிப் பார்த்தேன், அந்த ஒன்பதாவது பனையின் கூடைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அரிசி வேண்டாம். நீ வந்தால் போதும்.