பந்தல்காலுக்கு வந்த விருந்தாளிகள்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, சுக்தி கைகூப்பி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நாக்பூரில் நீங்களும் நீங்கள் கட்டுகிற பாலமும் உறுதியாக நிற்க வேண்டும்.

லீவு கிடைக்காமல் நீங்கள் வர முடியாமல் போன பாக்னி அக்கா கல்யாணத்தைப் பற்றி வேறு யாரும் கூட்டிச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். பந்தலுக்கு அப்பா ஒன்பது பச்சைச் சால மரக்கால்கள் வெட்டி வந்தார். மழை தொடங்கினால் காட்டிலாகாவுக்கு அவர் வண்டு பிடிப்பது உங்களுக்குத் தெரியும். வெட்டிய சாலத்தைக் கோடாலியின் பின்புறத்தால் நசுக்கிப் போட்டால் சாறு கசியும், அந்த வாசனைக்கு மரம் துளைக்கும் நீளமீசை வண்டுகள் எங்கிருந்தோ வந்து குடித்து மயங்கிக் கிடக்கும், அவர் பொறுக்கித் தலையைத் திருகுவார்; தலையை எண்ணித்தான் கூலி. இருபது வருஷப் பழக்கத்தில் பந்தல்கால்களையும் நசுக்கி நட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கவும் முதல் மழை ஓயவும் சரியாக இருந்தது. வந்தன மாமா, மாப்பிள்ளை வீட்டாரைவிட அதிகமாக. ஒன்று மாப்பிள்ளையின் தலைப்பாகையில் ஏறி மீசையை ஆட்டியது.

மாப்பிள்ளையின் அப்பா சம்மர் தேகாம் எழுந்து செருப்பைத் தேடினார்.

“ஏன் சம்பந்தி, எங்களுக்கு ஊத்தறதுக்கு முன்னாடி இதுங்களுக்கு ஊத்திட்டீங்களா? ஒண்ணொண்ணும் தள்ளாடுது.”

“அதுங்க தானா குடிச்சது சம்பந்தி. உங்களுக்கு இலுப்பைச் சாராயம் தனியா இருக்கு.”

“பூச்சி மொய்க்கிற பந்தல்கால என் பையன் ஏழு சுத்து சுத்த மாட்டான். வண்டிய எடுங்கடா.”

அம்மா அழத் தொடங்கினாள். மஞ்சள் பூசிய அக்கா கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். அப்போது தேகாம் கழுத்தில் ஒரு வண்டு ஏறியது. அவர் பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்து, கட்டைவிரலால் ஒரே திருகு.

அப்பா பார்த்துவிட்டார். “இந்தத் திருகு எங்க கத்துக்கிட்டீங்க?”

“எங்க காட்டுல பதினெட்டு வருஷமா நாந்தான் பிடிக்கறேன்.”

“பதினெட்டுதானா? அப்ப எனக்கு இளையவரு.”

அவ்வளவுதான் மாமா, இரண்டு சம்பந்தியும் மடியை விரித்துக்கொண்டு வண்டு பொறுக்க ஆளுக்கொரு பந்தல்காலடியில் உட்கார்ந்துவிட்டார்கள். “கொஞ்சம் முட்டியை மடக்குங்க, பொண்ணு மாப்பிள்ளை சுத்தணும்” என்று பூசாரி கெஞ்சினார். ஏழு சுற்றும் அவர்களைத் தாண்டித் தாண்டியே முடிந்தது. தேகாமுக்கு நாலு தலை கூடுதல். அந்தப் பெருமையில் வண்டி கிளம்பும்வரை அக்காவை “ராசாத்தி” என்றே கூப்பிட்டார்.

அப்பாவை நன்றாகத் திட்டி நீங்கள் ஒரு கடிதம் போட வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். அத்தைக்கு வணக்கம். படாதேவ் சாமி உங்களைக் காக்கட்டும்.

பின்குறிப்பு: அப்பாவைத் திட்டாதீர்கள். அவர் ஒரு காலைக்கூட நசுக்கவில்லை. பழக்கத்தில் செய்திருப்பேன் என்று அவராகவே ஒப்புக்கொண்டுவிட்டார். ஒன்பதையும் நசுக்கியது நான். பெண்ணின் தங்கைதானே முன்னால் நின்று மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாட வேண்டும்? எனக்கோ கூச்சம். நாலு வண்டு வந்தால் எல்லோரும் என்னை மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. பிடித்து முடித்ததும் இரண்டு சம்பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். பதினோரு பாட்டு, மாமா.